பாட்டுக்கு வேண்டாம்

ஒரு வரிக்கு முப்பத்தேழு எழுத்து.
ஒரு நேரத்தில் இரண்டு வரி.
திரையில் அது நிற்கக்கூடியது ஆறு வினாடி,
அதற்குமேல் நின்றால் ஆட்கள் இரண்டாம் முறை வாசிப்பார்கள்.
தமிழ்ப் படங்களுக்குச் சிங்களத்தில்
சப்டைட்டில் எழுதுவது என் தொழில்.
கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி. கீழே டயர்க் கடை.
மழை பெய்தால் ஆமர் வீதியில் பஸ் நீந்தும்.

துன்பம், துயரம், வேதனை, நோவு, ஆற்றாமை:
கதாநாயகி காட்சிக்கு ஒன்றாய்
உடுத்துக்கொண்டு வருகிறாள்.
நான் எல்லாவற்றுக்கும் ‘துக’ என்று போடுகிறேன்.
இரண்டே எழுத்து. இடம் மிச்சம்.
போயா நாளில் விகாரை ஒலிபெருக்கி
பிறப்புக்கும் மூப்புக்கும் சேர்த்துச் சொல்வதும்
இதே சொல்தான்.
அங்கே அது ஆறு வினாடியில் முடிவதில்லை.

சந்தோசத்துக்கு ஒரு விதி இருக்கிறது.
லலந்த முதல் நாளே சொல்லிவிட்டார்:
பாட்டுக்கு வேண்டாம்,
காசும் இல்லை, தேவையும் இல்லை.
ஆக, பதினொரு வருடமாய்
இந்த நகரத்துக்கு நான் கொண்டுவந்து கொடுத்தது
கடன், புற்றுநோய், நின்றுபோன கல்யாணம்,
இடைவேளைக்குச் சற்று முன் செய்யும் சத்தியம்.
அவர்கள் மகிழ்ந்திருந்த இடமெல்லாம்
பனிமலை, மஞ்சள் சேலை, வாயசைவு,
கீழே வெறுமை.
சந்தோசத்தை மொழிபெயர்க்கத் தேவையில்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.
அல்லது அதில் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை என்று.

இந்த மாதப் படத்தில்
தேர்த்திருவிழாவில் பிரிந்த அண்ணன் தம்பி.
‘இழந்ததெல்லாம் இரட்டிப்பாத் திரும்பும்டா,
மேல இருக்கிறவனுக்குக் கணக்குத் தெரியும்!’
முதல் வரியே நாற்பத்தொன்று வந்தது.
குறைக்க வேணும்.
‘இரட்டிப்பா’வை எடுத்தேன்.
இழந்தது திரும்பும்.
பிறகு அதுவும் கூடுதலாய்த் தெரிந்தது,
ஆனால் எழுத்து சரியாக இருந்தது.

இரண்டாம் மாடி யோகமலர்
கரண்ட் இல்லையென்று போன் சார்ஜ் பண்ண வந்தவள்
கம்பியூட்டரில் கடைசிக் காட்சி பார்த்தாள்.
கோடவுண், நெருப்பு, கையில் பழைய தழும்பு, ‘அண்ணா!’
அவளுடைய தம்பியின் படம்
எந்தக் கந்தோருக்குப் போனாலும்
பிளாஸ்டிக் உறைக்குள் கூடப்போகும்.
அழுவாளோ என்று நான் சத்தத்தைக் குறைத்தேன்.
“இந்த வில்லன் பரவாயில்லை,” என்றாள்,
“எங்க வச்சிருக்கிறன் எண்டு
கடைசியிலயாவது வாய் திறக்கிறான்.”
நாற்பது வீதம் ஏறியதும்
போனைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை மருதானையில் ஆறரைக் காட்சி.
என் வரிகளை நானே காசு கொடுத்துப் பார்த்தேன்.
பகிடிக்கு வாசிக்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள்,
எழுத்து குரலை முந்திவிடும்.
அரை வினாடி பிந்திக் கேட்கிறவர்கள்.
ஒரே பகிடி, இரண்டு சிரிப்பு.
அந்தப் படத்தில் இரட்டிப்பாய்த் திரும்பியது
அது ஒன்றுதான்.

பாட்டு வந்தது. வரி இல்லை.
பக்கத்து இருக்கையில் தாதிச் சீருடையில் ஒரு பெண்,
வேலை முடிந்து நேரே வந்திருப்பாள்,
கையில் டெட்டோல் மணம்,
பாதி தின்ற மாலு பண்.
தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல்
எல்லாச் சொல்லையும் பாடினாள்.
‘பிரிவு’ வருமிடத்தில் அவள் பாடியது
எந்த மொழியிலும் இல்லை.
துள்ளல் மெட்டு, தலை ஆடியது.
அது அழுகைப் பாட்டம்மா என்று
அவளிடம் சொல்லியிருக்கலாம்.
எனக்கே அப்போதுதான் தெரிந்தது,
பாட்டு வந்தால் நான் தேத்தண்ணி போட எழும்புகிறவள்.

கோடவுணுக்கு நெருப்பு வைக்கமுன்
கடைசி பஸ்ஸை நினைத்தோ என்னவோ
அவள் எழும்பினாள்.
நான் முழங்காலை ஒதுக்கி வழி விட்டேன்.
அண்ணன் கிடைத்தானா என்று பார்க்கவில்லை.
இருட்டில் படியிறங்கும்போதும்
அந்த இல்லாத சொல்லில்
பிசகாமல் சுருதி சேர்ந்தது.